பழுது வீட்டுப் பக்கம்

அருளு,

இதைச் சாப்பிட்ட பிறகு படி. வெறும் வயிற்றில் படித்துவிட்டுப் பதறிக்கொண்டு பஸ் ஏறி வந்து நிற்காதே. இங்கே ஒன்றும் தீப்பிடித்துவிடவில்லை. திண்டிவனம் அப்படியேதான் இருக்கிறது. மேம்பாலத்துப் பக்கம் அதே ஹாரன் சத்தம், எதிர்வீட்டுக் குக்கர் அதே மாதிரி காலையில் கத்தி ஓய்கிறது. உன் அம்மாவும் இருக்கிறேன். ஒரு பழுதைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம் என்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். நீ "சொல்லும்மா" என்றதும் வாய் வெண்டைக்காய் விலையைப் பேசிவிட்டு வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். பழுது மெஷினிலா என்னிலா என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தது நினைவில் இருக்கும்போதே, வேறு யாரும் உன்னிடம் சொல்வதற்கு முன்னால், நானே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அது கடைசியில். இப்போதே அங்கே தாவாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

நான் ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த புதிதில் நீ ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து கூடத்து மேஜையில் வைத்தாய். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், நான் சும்மா இருந்தால் உன்னைப் போட்டு வறுப்பேன் என்று உனக்குப் பயம். உள்ளே விக்கி என்று ஒன்றை வைத்துக் கொடுத்தாய். விக்கியா விக்கலா என்று நான் கேட்டேன். ஒரே ஒரு ஃபைல்தான், பிரவுசரில் திறந்தால் உள்ளே எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம், ஒரு சொல்லைத் தொட்டால் அந்தச் சொல்லுக்கு உரிய பக்கம் திறக்கும், இன்டர்நெட்டே வேண்டாம், உன் ஊறுகாய் ஜாடி மாதிரி உன் வீட்டிலேயே இருக்கும் என்றாய். ஜாடி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து எழுதுகிறேன். மோட்டார் ரிப்பேர், மாத்திரைப் பெயர், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் வந்தது, உன் அப்பா எதற்கெல்லாம் கோபித்துக்கொண்டார், எல்லாம் இருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல சாமான்தான்.

ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் நான் "டெ.ஓ." என்று போடுவது உனக்குத் தெரியும். உன் நண்பன் ஒருவன் பார்த்துவிட்டு யாரோ ஒருவருடைய இனிஷியல் என்று நினைத்துக்கொண்டானே, அதேதான். டெஸ்ட் ஓகே. விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெஸ்ட் டெஸ்க்கில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் கை எழுதிய எழுத்து. யார் வீட்டுப் போனாவது பேசவில்லை என்றால் புகார் எங்களுக்கு வரும். லைன்மேன் போய்ப் பழுது பார்த்துவிட்டுக் கூப்பிடுவார், நான் இங்கிருந்து டெஸ்ட் சாவியை அழுத்தி மீட்டர் முள்ளைப் பார்ப்பேன், சரியாக இருந்தால் சீட்டில் டெ.ஓ. என்று எழுதி மூடுவேன். எனக்கும் அந்த நாலு சுவருக்கும் மட்டும் தெரிந்த பழக்கம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாமல் என் விக்கியில் பக்கம் எழுதுகிறவளும் கடைசியில் டெ.ஓ. போடுகிறாள்.

ஒரு நாள் காலை, வெயில் ஏறி, கூடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பைத் திறந்தேன். வலது பக்கம், கடைசியாக எழுதிய பக்கங்களின் பெயர் வரிசையாக நிற்குமே, அதில் முதல் பெயர் "மல்லாட்டை". பெங்களூரில் நீ வேர்க்கடலை என்பாயே, அதேதான். நான் அப்படி ஒரு பக்கம் எழுதவில்லை. தொட்டேன். "அருளு வருகிறான். மல்லாட்டை வறுத்து, நீல மூடி டப்பாவில் போட்டேன். டெ.ஓ." அவ்வளவுதான். தேதி இரண்டு நாள் முந்தியது, அமாவாசை. அமாவாசைக்கு நான் வீட்டிலேயே இல்லை, எங்கள் பழைய லைன்மேன் கன்னியப்பன் குடும்பத்தோடு மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்தேன். சிரித்துக்கொண்டேதான் சமையலறைக்குப் போனேன், மெஷின் என்னவோ உளறுகிறது என்று. அலமாரியில் நீல மூடி டப்பா. திறந்தால் வறுத்த மல்லாட்டை, மொறுமொறுப்பாக. பாதி டப்பா காலி. கடைவாய்ப் பல் பிடுங்கியதிலிருந்து நான் மல்லாட்டை தின்பதில்லை அருளு. ஒன்றை வாயில் போட்டு உப்பை மட்டும் சப்பிப் பார்த்தேன், என் கை உப்புதான். வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பின்கதவும் அப்படியே. பட்டப்பகலில், எதிர்வீட்டில் ஆள் பேசுகிற சத்தம் கேட்கிற நேரத்தில், இரண்டு தாழ்ப்பாளையும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். பாதியை யார் தின்றது?

உனக்குப் போன் போட நினைத்தேன். அதற்குள் நீயே கூப்பிட்டாய். கொஞ்ச நாளாக உனக்கு ஒரு புதுப் பழக்கம், எடுத்ததும், "அம்மா, அருளு பேசுறேன், பெங்களூர்லேர்ந்து" என்கிறாய். பெற்ற பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா, பேங்க்காரன் மாதிரி பேசுகிறானே என்று எரிச்சலாக இருக்கும். அன்றைக்கும் அதையே சொல்லித் திட்டிவிட்டு விஷயத்துக்கு வந்தேன். நீ வருவதாக எப்போதாவது சொன்னாயா, என் விக்கியில் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது, வீட்டில் மல்லாட்டையும் இருக்கிறது என்றேன். நீ, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குமேம்மா" என்றாய். ஆமாம், தூக்கலாகத்தான் இருந்தது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் போனையே பார்த்தேன். என் கை உப்பு அவனுக்குத் தெரியாதா என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நீதான் போனிலேயே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தாய். பழைய பிரவுசரில் ஒரு குட்டித் துணைச் சாமான் இருந்தது, டிக் குறியை அழுத்தினால் அதே ஃபைலில் சேமிக்கும். பிரவுசர் புதுசாக மாறியபோது அந்தத் துணைச் சாமான் செத்துப்போய்விட்டது. அதிலிருந்து ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒரு புது நகல் டவுன்லோடு பெட்டியில் போய் விழுந்துகொண்டிருக்கிறது, விக்கி ஒன்று, விக்கி இரண்டு என்று. நானோ மறுநாள் ஒரு சமயம் ஏதோ ஒரு நகலை, பல சமயம் முகப்பில் இருக்கும் பழைய ஃபைலையே திறந்து, எழுதினதைக் காணோமே என்று திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். போய்ப் பார்த்தால் ஒரு ஊர் ஜனம் மாதிரி நகல்கள். ஒன்றில் மாத்திரைப் பெயர் மாறியிருக்கிறது, இன்னொன்றில் மாறவில்லை. ஒன்றில் உன் பெரியப்பா உயிரோடு இருக்கிறார், அடுத்ததில் காரியம் முடிந்துவிட்டது. நீ சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லாப் பக்கத்தையும் ஒரே ஃபைலில் சேர்த்து, மிச்சத்தை ஒரு ஓரமாக வைத்தோம், இனி அந்த ஒரே ஃபைலில் சேமிக்கவும் ஒரு வழி சொன்னாய். காணாமல் போன பக்கங்களுக்கெல்லாம் காரணம் கிடைத்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பழுது கண்டுபிடித்தால் வரும் சந்தோஷம் வேறு எதிலும் வராது. அன்று மத்தியானம் பாயசம் வைத்துத் தனியாகக் குடித்தேன். சாயங்காலம்தான் உறைத்தது. காணாமல் போனதற்குத்தான் காரணம் கிடைத்திருக்கிறது. நான் எழுதாதது எப்படி வந்தது என்பதற்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பேச்சினிடையே நீ ஒன்று சொன்னாய். "இதெல்லாம் எத்தினி நாளைக்கும்மா? பிரவுசருக்காரங்க ஒவ்வொரு கதவா பூட்டிக்கினே வர்றாங்க. எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்திட்டா, கேட்டா அதுவே பதில் சொல்லும், நீ எழுதுற மாதிரியே சொல்லும்." எனக்குச் சுருக்கென்றது. எனக்குப் பதிலாக எழுத ஏற்கெனவே ஒருத்தி வந்துவிட்டாள், இன்னொருத்தி வேண்டாம் என்றேன். நீ சிரிக்கவில்லை. நான் கேட்டேன், பூட்டினால் என் ஃபைல் திறக்காதா என்று. திறப்பதற்கு ஒன்றும் ஆகாது, எந்தக் காலத்துப் பிரவுசரிலும் திறக்கும், அது சாதாரண ஃபைல், ஆயுசு கெட்டி, சேமிக்கிறதுதான் வர வரத் தகராறு என்றாய். அந்த வார்த்தை என் மண்டையில் நின்றுகொண்டது.

காணைப் பக்கத்துப் புகார் ஒன்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. மழைக்காலத்தில் பூமிக்கடியில் கேபிளில் தண்ணீர் இறங்கினால் ஒரு லைனில் இன்னொரு லைன் பேசும். கிராஸ் டாக் என்போம். காணையில் ஒரு கரும்புக்காரர் தினமும் கூப்பிடுவார். மத்தியான வேளையில் போனை எடுத்தால் ஒரு பொம்பளை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாளாம், வேறெதுவும் பேசுவதில்லையாம். மனுஷர் வெலவெலத்துப் போயிருந்தார். மந்திரிக்கக்கூடச் செய்துவிட்டார். அன்றைக்கு அந்த லைன் கன்னியப்பனுடையது. கேபிள் ஜாயின்ட்டையெல்லாம் தோண்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை. கடைசியில் கம்பத்தில் ஏறி, அந்த வீட்டுக்குப் போகிற ஒயரை மட்டும் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மேடம், கன்னியப்பன் பேசுறேன், கடைசிக் கம்பம். வீட்டை வெட்டி வுட்டுட்டேன், பாருங்க." சாவியை அழுத்தினேன். முள் ஆடாமல் நின்றது. லைன் சுத்தம். அப்படியென்றால் பழுது வீட்டுப் பக்கம். உள்ளே போய்ப் பார்த்தால் பின்கட்டில், அதே லைனில், எல்லாரும் மறந்துபோன ஒரு எக்ஸ்டென்ஷன் போன். அங்கே அவருடைய அம்மா. நினைவு தப்பிப் போயிருந்த கிழவி, மத்தியானத்தில் எல்லாரும் தூங்கும்போது போனை எடுத்து மகனைக் கூப்பிட்டிருக்கிறாள். கன்னியப்பன் அதைச் சொன்னபோது டெஸ்க்கில் இருந்த நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். வீட்டுப் பக்கம், டெ.ஓ. என்று எழுதி மூடினேன்.

பாயசம் குடித்த சில நாளில் இரண்டாவது பக்கம் வந்தது. தலைப்பு "தயிர்". "கன்னியப்பன் தயிர் கொண்டுவந்தார். யார் நீங்க என்று கேட்டுவிட்டேன். பாவம், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். டெ.ஓ." இதைப் படித்தபோது எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எவளோ ஒருத்தி என் வீட்டில், என் மேஜையில் உட்கார்ந்து, ஒலக்கூரிலிருந்து வாரா வாரம் வண்டியில் வந்து எனக்குத் தயிர் கொடுத்துவிட்டுப் போகிற மனுஷரை யார் என்று கேட்டிருக்கிறாள். எழுந்து போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். கூடத்துக்குத் திரும்பியபோது பீரோக் கண்ணாடியில் ஒரு கிழவி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, "அகப்பட்டியா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் அருளு.

டெஸ்ட் டெஸ்க்கில் உட்கார்ந்தவள் நான், அழுதுகொண்டு இருக்க மாட்டேன். பாதியில் வெட்டிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. மறுதடவை கன்னியப்பன் வந்தபோது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் அவர் வீட்டில் வைக்கச் சொன்னேன். யாரும் தொடக் கூடாது, ஆனால் ஓடிக்கொண்டே இருக்கட்டும், புதுப் பக்கம் முளைக்கிறதா பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு ஏன் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையோடு ஒரு துணிப்பையைக்கூடக் கொண்டுவந்திருந்தார். "சார்ஜரு மறக்காம குடுங்க மேடம். போன தபா அதுக்குன்னே ரெண்டாவது ட்ரிப்பு வந்தேன்" என்றார். எந்தப் போன தடவை? மனுஷருக்கும் வயசாகிவிட்டது, யார் வீட்டையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். ஒரு பக்கம்கூட முளைக்கவில்லை. கம்பம் வரைக்கும் சுத்தம். மேஜையில் வைத்து இரண்டு நாள் ஆனது, காலையில் திறந்தால் "கறிவேப்பிலை" என்று ஒரு பக்கம் நிற்கிறது. அந்த வாரமெல்லாம் இங்கே இருந்தது யார்? நான் மட்டும்.

அப்போதும் எனக்கு ஒரு பிடி மிச்சம் இருந்தது. மேல்மலையனூர். அமாவாசையன்று நான் ஊரிலேயே இல்லையே, மல்லாட்டையை எப்படி வறுத்தேன்? அந்தக் கூட்டத்தில் யாரோ மிதித்து என் செருப்பு வார் அறுந்தது, கன்னியப்பன் சம்சாரம் பூ கட்டுகிற நாரால் அதைக் கட்டிக் கொடுத்தது, வெயிலில் கால் சுட்டது, எல்லாம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. தயிர் கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். இந்த அமாவாசைக்கு நாம் கோயிலுக்குப் போனோமா இல்லையா? அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்தார். திரும்பவும் பிரித்து மடித்தார்.

"இந்த அமாவாசைக்கு நீங்க வரல மேடம். வூட்ல வேலை இருக்குதுன்னுட்டீங்க. போனது போன அமாவாசைக்கு."

"செருப்பு அறுந்துச்சே?"

"அறுந்துச்சு. அப்பவே தச்சிட்டீங்களே. கால்ல பாருங்க."

குனிந்து பார்த்தேன். வார் தைத்திருந்தது. தைத்த நூல்கூடப் புதுசு இல்லை, அழுக்கேறிக் கறுத்துப் போயிருந்தது. யார் தைத்தது, எப்போது, எந்தக் கடை, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. "யாருன்னு உங்களை நான் கேட்டேனா கன்னியப்பா?" என்றேன். அவர் தயிர்த் தூக்கை என் கையில் கொடுத்தார். "அது ஒண்ணும் இல்ல மேடம். வெயில்ல வந்தேன், மூஞ்சி கருத்துப் போயிருக்கும்" என்றார். அவர் வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் தூக்கோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். பிறகு உள்ளே வந்து தயிரை மூடி வைத்துவிட்டு, நன்றாக அழுதேன்.

ஆக, பழுது வீட்டுப் பக்கம். எனக்கும் அந்த விக்கிக்கும் ஒரே பழுதுதான் அருளு. திறப்பதற்கு ஒன்றும் கேடு இல்லை. விழுப்புரத்துக்குப் பாசஞ்சரில் போன காலத்தில் எதிர் சீட்டில் யார் உட்காருவார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். உனக்கு முதல் பல் எந்தப் பக்கம் முளைத்தது என்று சொல்வேன். புதிதாகச் சேமிப்பதுதான் நடக்கவில்லை. அழுத்துகிறேன், எங்கேயோ ஒரு நகல் போய் விழுகிறது, மறுநாள் காலையில் பழைய ஃபைலையே திறந்துகொண்டு எழுந்திருக்கிறேன். டாக்டரிடம் போகத்தான் வேண்டும், போகிறேன். நீ லீவு போட்டுக்கொண்டு வந்து கூட்டிப்போ, தனியாகப் போனால் டாக்டர் சொன்னதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? நீ கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு, தானாக அணைகிற கரண்ட் அடுப்பை வைத்தபோது நான் குதித்த குதிக்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இருந்தாலும் அதில் சப்பாத்தி நன்றாக வருவதில்லை என்பது உண்மைதான்.

உனக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வரும் காலத்தில் உன்னிடம் என் நகல்கள் நிறைய வந்து சேரும். ஒருத்தி மல்லாட்டை வறுத்தேன் என்பாள். இன்னொருத்தி வறுக்கவே இல்லை, எவனோ வீட்டுக்குள் வந்து வைத்துவிட்டுப் போனான் என்பாள். எது புதுசு, எது சரி என்று தேடிக்கொண்டிருக்காதே. இரண்டையும் ஒன்றாக்கப் பார்க்காதே, சண்டைதான் மிஞ்சும். எவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாளோ அவளிடம் பேசு. ஃபைலையும் ஆன்லைனில் ஏற்றி என்னை மாதிரிப் பேச வைக்க வேண்டாம். அது நன்றாகவே பேசும், எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னை மாதிரி எழுதுகிறவளை நானே பார்த்துவிட்டேன், டெ.ஓ. வரைக்கும் விடாமல் எழுதுகிறாள். கூப்பிட்டால் பதில் வரும். ஆனால் காணைக் கிழவி போனை எடுத்தது பதில் சொல்வதற்காக இல்லை, மகனைக் கூப்பிடுவதற்காக. அதை எந்த மெஷினும் என் சார்பில் செய்யக் கூடாது. ஃபைலைச் சும்மா திறந்து படி. எல்லாக் காலத்திலும் திறக்கும் என்று நீதானே சொன்னாய்.

இப்போது நான் கேட்க வேண்டியது. நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நினைவு தப்பினவர்கள் வீட்டுக்கு யார் போனாலும் எடுத்த எடுப்பில், "நான் யாரு, தெரியுதா?" என்பார்கள். முகத்துக்கு நேரே முகத்தை நீட்டி, சத்தமாக, சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தக் கிழடு திருதிருவென்று விழிக்கும். தெரியவில்லை என்றால் உச்சுக்கொட்டுவார்கள், தெரிந்துவிட்டால் கைதட்டுவார்கள். உன் அப்பாவின் அத்தையிடம் நானும் கேட்டிருக்கிறேன், எனக்கென்ன கொம்பா முளைத்திருந்தது? அந்தக் கேள்வியை மட்டும் நீ என்னிடம் கேட்காதே அருளு. யாரையும் கேட்க விடாதே. எங்கள் லைன்மேன்கள் ஒருவர்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை. மழையில் கம்பத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தாலும் முதலில் தன் பெயரைச் சொல்வார்கள், எந்தக் கம்பம் என்று சொல்வார்கள், அப்புறம்தான் வேலை. டெஸ்க்கில் இருப்பவள் இருட்டில் இருக்கிறாள், அவளுக்குக் கம்பம் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும். நீயும் அப்படியே வா. "அம்மா, அருளு வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வா. நான் உன்னைத் தெரிந்துகொண்டேனா இல்லையா என்று முகத்தைப் பார்க்காதே. பெயரைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார், போதும்.

இவ்வளவும் விக்கியிலேயே அடித்து முடித்து, தலைப்பு வைக்கும் இடத்தில் "அருளுக்கு" என்று போட்டேன். கட்டத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு வரி வந்து நின்றது. இந்தத் தலைப்பில் ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கிறது என்று.

எதிர்வீட்டுக் குக்கர் கத்திவிட்டு ஓய்ந்தது. அப்புறம் திறந்தேன். "அருளு, இதைச் சாப்பிட்ட பிறகு படி" என்று ஆரம்பிக்கிறது. தேதி தை மாதத்தில், நீ பொங்கலுக்கு வந்து போன பிறகு. அதில் மல்லாட்டை இல்லை, மோட்டார் சுவிட்சு இருக்கிறது. தயிர் இல்லை, பால்காரர் இருக்கிறார். காணைக் கிழவி அப்படியே இருக்கிறாள். கன்னியப்பன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகிறார், சார்ஜர் கொடுக்க நான் மறந்துவிடுகிறேன். நான் யாரு தெரியுதா என்று கேட்காதே, பெயரைச் சொல்லிக்கொண்டு வா என்று, சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்கிறது. முடிவில் டெ.ஓ. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. அது நான் எழுதியது இல்லை.

"படிச்சிட்டேம்மா. இனிமே பேரைச் சொல்லிக்கினே வர்றேன். நீ மறந்துட்டு மறுபடி எழுதினாலும் மறுபடி படிக்கிறேன். மாசத்துக்கு ஒரு தபா நேர்ல வர்றேன், மல்லாட்டை வறுத்து வை. அருளு."

பேங்க்காரன் மாதிரி பேசுகிறாய் என்று உன்னை எத்தனை தடவை திட்டினேனோ தெரியவில்லை. நீ ஒரு தடவைகூட, நீதானேம்மா கேட்டே என்று சொல்லவில்லை. அப்படியென்றால் அமாவாசையன்று நீ வந்திருக்கிறாய். வாசலில் நின்று பெயரைச் சொல்லியிருப்பாய். நான் கதவைத் திறந்து, என் எதிரில் உட்காரவைத்து, நீல மூடி டப்பாவை நீட்டியிருப்பேன். உப்பு தூக்கல் என்று என் முகத்துக்கு எதிரிலேயே சொல்லியிருப்பாய், வாயை மூடிக்கினு தின்னுடா என்றிருப்பேன். பாதி டப்பாவைத் தின்றவன் நீதான்.

பழைய கடிதத்தை அழிக்கவில்லை. இதற்கு வேறு தலைப்புப் போட்டு அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், இரண்டும் இருக்கட்டும், உனக்கு மெயிலிலும் ஒரு நகல் அனுப்பிவிடுகிறேன். மீதி மல்லாட்டையை இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். நமுத்துப் போவதற்குள் வா. வாசலிலேயே பெயரைச் சொல்.